நடந்து காட்டிய பன்தெலேய்

"இன்னொரு தடவை ஓட்டுங்க டாக்டர்" என்றாள் ராலித்சா.

டாக்டர் சரேவா முகம் சுளிக்கவில்லை. செல்போனை மேஜைமேல் சாய்த்து வைத்து வீடியோவை மறுபடி ஓட விட்டாள்.

தலைநகர் சோஃபியாவில் அவளிடம் வேலை பார்க்கிற கோச்சோவுக்கு அது மனப்பாடமே ஆகியிருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் வெள்ளை மீசைக்காரர் ஒருவர் சுவரைப் பிடிக்காமல் நடந்து வருகிறார். திரும்பிப் போகிறார். திரும்ப வருகிறார். வலது கையைத் தலைக்கு மேலே தூக்குகிறார். சட்டைப் பையில் சிகரெட் பாக்கெட் துருத்திக்கொண்டிருக்கிறது. "என் பேரு பன்தெலேய். தச்சு வேலை. போதுமா டாக்டரம்மா, இல்லை குத்தாட்டம் போடணுமா?" என்று கேட்டுவிட்டு இளிக்கிறார்.

"பிப்ரவரியில இவரை ஸ்ட்ரெச்சர்ல கொண்டு வந்தாங்க. வலது பக்கம் மொத்தமும் விழுந்துடுச்சு, வாயில வார்த்தை இல்லை" என்றாள் டாக்டர். "இந்த மருந்து ஆராய்ச்சியில சேர்த்தோம். இது மே மாசம் எடுத்தது. மூணு மாசப் பரிசோதனை. நீங்களே பாருங்க."

கடைக்கு இன்னும் வராத மருந்து அது. பக்கவாதம் வந்து மூன்று நாளைக்குள் ஏற்ற ஆரம்பிக்க வேண்டும். பல நாட்டு ஆஸ்பத்திரிகளில் கொடுத்துப் பார்க்கிறார்கள். அதில் பெலோகமென் மாதிரி மலையடிவாரச் சின்ன ஊரின் ஆஸ்பத்திரியும் ஒன்று. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர். யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது.

பக்கத்து அறையில் கோச்சோவின் அண்ணன் மிலேன் கிடந்தார். வியாழக்கிழமை பக்கவாதத்தில் விழுந்தவர். இன்று சனி. சாயங்காலத்துக்குள் ஆரம்பித்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அண்ணனுக்குச் சம்மதம் சொல்ல வாய் இல்லை. பேனாவைக் கொடுத்தால் நல்லாயிருக்கிற இடது கையையும் இறுக மூடிக்கொள்கிறார். மூளை குழம்பியிருக்கிறது, அதனால் என்றாள் டாக்டர். ஆக, கையெழுத்து ரூஜா அண்ணியின் தலையில் விழுந்தது.

அண்ணி நான்கு வருஷமாக இத்தாலியில் கிழவர்களைப் பார்த்துக்கொள்கிற வேலை செய்கிறவள். நேற்றுதான் ஓடி வந்திருந்தாள்.

"உன் முதலாளியம்மா பெரிய துப்பறியுற ஆளுன்னு பீத்திக்குவியே" என்று கோச்சோவின் சட்டையைப் பிடித்திருந்தாள். "அந்தப் பன்தெலேயைக் கண்டுபிடிச்சுக் கூட்டிட்டு வா. என் கண்ணு முன்னால பத்து அடி நடக்கட்டும். நான் கையெழுத்துப் போடுறேன்."

"அவர் ஊர்ல இல்லைம்மா. ஸ்பெயின்ல மக வீட்டுக்குப் போயிருக்கார்" என்றாள் டாக்டர்.

ராலித்சா வீடியோவை நிறுத்திவிட்டு எழுந்தாள். ஐம்பத்தைந்து வயது. இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய்க் கணக்குகளைக் கிளறிக் கிளறியே கண் சுருங்கிப் போனவள். "சாயங்காலத்துக்குள்ள வந்துடுறோம்" என்றாள். 

காரில் ஏறியதும் கோச்சோ ஆரம்பித்தான். "பாஸ், ஸ்பெயினுக்கு இந்த வண்டியில போறதா இருந்தா இப்பவே சொல்லிடுங்க. ரெண்டாவது கியர் விழாது."

"அந்த ஆளு கையைத் தூக்கினானே, மணிக்கட்டுல என்ன இருந்தது?"

"மார்ச் நூலு. சிவப்பும் வெள்ளையும். எல்லாரும்தான் மார்ச் ஒண்ணாம் தேதி கட்டுறோம்."

"எப்போ அவுப்போம்?"

"நாரையைப் பார்த்தா. இல்லை, பூத்த மரத்தைப் பார்த்தா. அவுத்து அந்த மரத்துலயே..." கோச்சோவின் கை சாவியிலேயே நின்றது.

"மே மாசத்துல இந்த ஊர்ல மரம் பூக்கலையா? நாரை விசாவுக்குக் காத்துக்கிட்டு இருந்துச்சா?" என்றாள் ராலித்சா. "நீ பேச வேண்டிய வசனத்தை எல்லாம் நான் பேச வேண்டியிருக்கு. அந்தப் படம் மார்ச்ல எடுத்தது."

கோச்சோ ஸ்டியரிங்கைத் தட்டினான். "அப்படின்னா இன்னும் நல்லது பாஸ்! மூணு மாசம் வேண்டாம், ஒரு மாசத்துலயே எழுந்து நடந்துட்டார். மருந்து அவ்வளவு ஜோரு!"

"ஜோரா இருந்தா மே மாசம் இன்னொரு தடவை நடக்க வச்சுப் படம் எடுத்திருப்பாங்களே. பழைய படத்துக்கு ஏன் புதுத் தேதி?"

அவன் வண்டியை எடுத்தான். அவனுக்கு இது உண்மையாக இருக்க வேண்டும். இந்தக் கேஸில் அவன் துப்பறிய வந்தவனே இல்லை. அண்ணன் எழுந்து நடக்க வேண்டும், அவ்வளவுதான் அவனுக்கு.

பன்தெலேயின் வீடு தச்சர் வீடு என்று பார்த்ததுமே தெரிந்தது. ஜன்னல் சட்டம் ஒன்று விடாமல் இழைத்து வைத்திருந்தார். கதவு பூட்டியிருந்தது. கோச்சோ தட்டினான். கூப்பிட்டான். பக்கத்து வீட்டு நாய் மட்டும் பதில் சொன்னது.

"பாருங்க பாஸ், கதவுல தாள் இல்லை. செத்திருந்தா தாள் ஒட்டியிருக்கும். அந்தா, அடுத்த வீட்டுல இருக்கு பாருங்க."

அடுத்த வீட்டுக் கதவில் ஒரு கிழவரின் படமும் கறுப்புக் கரையும் போட்ட அஞ்சலித் தாள் வெளுத்துப் போய்த் தொங்கியது. பக்கத்திலேயே நாற்பதாம் நாள் தாள். அதற்குக் கீழே வருஷ நினைவுத் தாள். கிழவர் மூன்றிலும் ஒரே தொப்பியில் இருந்தார்.

"இதை யார் கிழிப்பாங்க?" என்று கேட்டாள் ராலித்சா.

"யாரும் கிழிக்க மாட்டாங்க. மழை கிழிச்சாத்தான் உண்டு. பொணத்து முகத்தைக் கிழிச்ச பாவம் யாருக்கு வேணும்?"

"அப்ப இங்க வந்து பாரு."

அவள் விரல் பன்தெலேயின் கதவில் இருந்தது. நான்கு குண்டூசிகள். நாலும் ஒரு தாளின் நான்கு மூலைகள் மாதிரி நின்றன. ஒவ்வொன்றின் அடியிலும் நகத்தளவுக்கு வெள்ளைத் தாள் சிக்கியிருந்தது. ஒன்றில் மட்டும் கறுப்புக் கரை.

"மழை கிழிச்சா மேல கிழிஞ்சு கீழ தொங்கும். இது நடுவுல கையை விட்டு ஒரே இழுப்பு" என்றாள்.

"வீடு விற்பனைக்குன்னு ஏதாவது தாளா இருக்கும்."

"கறுப்புக் கரை போட்டா வீடு விற்பாங்க?"

"பேய் வீடா இருந்தா..." கோச்சோ சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "நகராட்சி ஆபீஸ்ல போய் இறப்புப் பதிவைப் பார்த்துடலாமே பாஸ்."

"சனிக்கிழமை யாருடா திறந்து வச்சிருப்பான்? திங்கட்கிழமை வரைக்கும் உன் அண்ணனால காத்திருக்க முடியாது." ராலித்சா தெருவின் இரு பக்கமும் பார்த்தாள். ஒரு வீட்டிலும் ஆள் இல்லை. "இன்னிக்கு என்ன சனிக்கிழமை?"

அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. "செர்ரி சனிக்கிழமை. ஆவிகளுக்குப் படையல் போடுற நாள். ஊரே கல்லறையில இருக்கும்."

"ஒரு பொம்பளை புருஷனோட தாளைக் கிழிக்கச் சம்மதிப்பா. ஊர் முழுக்கப் பொய் சொல்லவும் சம்மதிப்பா. ஆனா இன்னிக்கு அவனைப் பட்டினி போட மாட்டா. நட."

கல்லறைத் தோட்டத்தில் சந்தைக் கூட்டம். ஒவ்வொரு சமாதியிலும் பச்சை வால்நட் இலைகளைப் பரப்பியிருந்தார்கள். மெழுகுவர்த்தி எரிந்தது. கிண்ணம் கிண்ணமாகச் சர்க்கரை தூவிய வேகவைத்த கோதுமை. போகிற வருகிறவர் கையிலெல்லாம் திணித்தார்கள். வாங்குகிறவர்கள் "கடவுள் மன்னிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வாயில் போட்டுக்கொண்டார்கள். உள்ளே போன கொஞ்ச நேரத்திலேயே கோச்சோவின் இரண்டு கையும் நிறைந்துவிட்டது. பையில் செர்ரி வழிந்தது.

"தினமும் இப்படி இருந்தா நான் உங்ககிட்ட சம்பளமே கேக்க மாட்டேன் பாஸ்."

"இப்ப மட்டும் குடுக்கிறேனா?"

ஆனால் ஒன்றை அவனும் கவனித்தான். "மிலேன் தம்பியாடா நீ?" என்று ஆசையாக வந்தவர்கள், பன்தெலேய் பேரை எடுத்ததும் மெழுகுவர்த்தியைச் சரிசெய்யக் குனிந்துகொண்டார்கள். அவ்வளவு பேருக்கும் ஒரே நேரத்தில் மெழுகுவர்த்தி அணைந்தது.

பன்தெலேயின் மனைவி கினா அத்தை கடைசி வரிசையில் இருந்தாள். உயரமானவள். கறுப்புத் துணி கட்டவில்லை, நீலப் பூப்போட்ட சட்டை. கோச்சோவைப் பார்த்ததும் கிண்ணத்தை நீட்டினாள்.

"என் மாமியாருக்காக. எடுத்துக்கடா."

சமாதிக் கல்லில் மூன்று பேர். மாமியாருக்குப் பிறந்த வருஷமும் இறந்த வருஷமும். கீழே பன்தெலேய், கினா. பிறந்த வருஷம் வெட்டி, அடுத்ததற்கு இடம் விட்டிருந்தது.

"மாமாவைப் பார்க்கணும் அத்தை. இங்க கல்லுல பேரைப் பார்த்துட்டு எனக்குப் பக்குன்னு ஆயிடுச்சு."

"கல்லு சும்மாவா கிடைக்குது? ஒரேயடியா வெட்டி வச்சோம். கல்லு ரெடி, ஆளுதான் ரெடியில்லை. ஸ்பெயின்ல பேரனைத் தூக்கிக்கிட்டு அலையுறாரு."

கோச்சோவுக்கு நெஞ்சு லேசானது. பாஸைப் பார்த்து, போலாமா என்று புருவத்தைத் தூக்கினான். ராலித்சா சமாதியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இலைகளுக்கு நடுவே மண்ணில் ஒரு சிகரெட் நட்டு வைத்திருந்தது. பற்றவைத்த சிகரெட். புகை நேராக மேலே போனது.

"உங்க மாமியார் பிடிப்பாங்களா?" என்றாள் ராலித்சா.

"என்னது?"

"சிகரெட்டு."

கினா அத்தை தலைத்துணியை இறுக்கிக்கொண்டாள். "நான் பிடிச்சேன். கை வேலையா இருந்ததால சொருகி வச்சேன்."

"நல்லது. பாதிதான் ஆயிருக்கு. வீணாப் போகுது, எடுத்து இழுங்க."

கினா அத்தை குனிந்தாள். கையை நீட்டினாள். விரல் சிகரெட்டுக்குப் பக்கம் வரை போய்விட்டு அங்கேயே நின்றது. ராலித்சா அவசரப்படுத்தவில்லை.  செத்தவர் வாயில் வைத்ததை எடுத்துத் தன் வாயில் வைக்கிற மனைவி இந்த ஊரில் கிடையாது, எந்த ஊரிலும் கிடையாது.

அந்த விரல்கள் மடங்கின. கினா அத்தை அப்படியே சமாதி விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஈஸ்டருக்கு முந்தி" என்றாள். "தோட்டத்துல ஏணி செஞ்சுக்கிட்டிருந்தாரு. ஒரு மாசம் நல்லா நடந்தாருடா. எனக்குக் காப்பி போட்டுக் குடுத்தாரு. திடீர்னு தலையைப் பிடிச்சாரு. மண்டைக்குள்ள ரத்தம் கொட்டிடுச்சுன்னாங்க. உள்ள போனது மருந்தா தண்ணியான்னுகூட எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாதாம். அதுதான் சட்டமாம்."

"அதை ஏன் அத்தை மறைச்சீங்க? டாக்டரம்மா மிரட்டினாளா?"

"மிரட்டலை. என் சமையல்கட்டுல உக்காந்து அழுதா. ஏற்கனவே ரெண்டு பேர் அப்படிப் போயிட்டாங்க, மூணாவதுன்னு எழுதினா ஆராய்ச்சியை நிறுத்திடுவாங்க, நிறுத்தினா வார்டை மூடிடுவாங்கன்னா. அந்த வார்டு ஓடுறதே ஆராய்ச்சிக் காசுல. மூடிட்டா அப்புறம் யார் விழுந்தாலும் மலைக் கணவாயைத் தாண்டி அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போகணும். என் அப்பா அப்படித்தான் போனாரு, பாதி வழி வரைக்கும்." அவள் மூக்கை உறிஞ்சினாள். "மருந்துக் கம்பெனி ஆள் மாசா மாசம் வருவான். தெருவுல நடந்து போவான், தாளைப் பார்ப்பான். தாளு மட்டும் வேண்டாம்னு டாக்டர் கேட்டுக்கிட்டா. சரின்னேன். அவரு ஒரு மாசம் அவங்களுக்காக நடந்தாரு. செத்த பிறகும் நடக்க வச்சுட்டோம்."

"தாளை டாக்டரே வந்து கிழிச்சாளா?" என்று கேட்டான் கோச்சோ.

கினா அத்தை அவனை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

"உனக்கு நிஜமாவே தெரியாதா? உன் அண்ணன்டா."

"எங்க அண்ணனா?"

"ஆம்புலன்ஸ் ஓட்டுறவன் அவன்தானே. கணவாய்ல எத்தனை பேர் அவன் வண்டியிலயே போயிருக்காங்க தெரியுமா? அந்த வார்டு மூடக் கூடாதுன்னு அவனுக்கு இருந்த வெறி டாக்டருக்குக்கூட இல்லை. என் புருஷன் பெட்டியைத் தூக்கினவன் அவன். நாலாம் நாள் வந்து கதவுல, பஸ் நிறுத்தத்துல, சர்ச்சுல எல்லாத்தையும் கிழிச்சவனும் அவன். மன்னிச்சுடு கினா அத்தைன்னு என் கையில முத்தம் குடுத்துட்டுக் கிழிச்சான்."

கோச்சோவின் உள்ளங்கையிலிருந்த கோதுமை கீழே கொட்டியது.

"அந்தக் கை" என்றாள் ராலித்சா மெதுவாக. "பேனாவைக் கண்டா மூடிக்கிறாரே. குழப்பம் இல்லை கோச்சோ. உன் அண்ணன் வேண்டாங்கிறாரு."

அவர்கள் வார்டுக்குள் நுழைந்தபோது ரூஜா அண்ணியின் கையில் பேனா இருந்தது. மருந்துப் பாட்டிலைத் தொங்கவிட்டாகிவிட்டது. டாக்டர் சரேவா பக்கத்தில் நின்றிருந்தாள்.

"நேரம் ஆகுதுன்னு டாக்டர் சொன்னாங்க..." என்றாள் அண்ணி.

"பேனாவைக் கீழ வைங்க அண்ணி. பன்தெலேய் செத்துட்டார். ஏப்ரல்லயே."

அவன் சத்தமாகத்தான் சொன்னான். வார்டு மொத்தமும் கேட்டது. படுக்கை விரிப்பை மடித்துக்கொண்டிருந்த நர்ஸ் மடித்துக்கொண்டேயிருந்தாள். ஜன்னல் பக்கத்துக் கட்டிலில் அப்பாவுக்குச் சூப் ஊட்டிக்கொண்டிருந்தவன் ஸ்பூனை மட்டும் நிறுத்தினான். அந்த அறையில் அதிர்ந்து போனது அண்ணி ஒருத்திதான்.

"டாக்டர், நிஜமா?"

"அவர் நடந்தது பொய் இல்லை" என்றாள் டாக்டர்.

"நான் அதைக் கேக்கலையே."

"அவர் செத்ததும் பொய் இல்லை." அவள் சுவரில் சாய்ந்தாள். "நான் மட்டும் சொல்லியிருந்தா இந்த வார்டு மே மாசமே மூடியிருக்கும். வியாழக்கிழமை உங்க புருஷனை எங்க கொண்டு வந்திருப்பாங்க?"

"நியாயம்தான்" என்றாள் ராலித்சா. "மத்த ஊர் டாக்டருங்களும் இதே நியாயத்தைப் பேசி ஆளுக்கு ஒரு பிணத்தை நடக்க விட்டிருந்தா? நாளைக்கு அந்த மருந்து எல்லா ஊர்க் கடைக்கும் வரும். நீங்களே எழுதிக் குடுப்பீங்க, அது நல்லதா விஷமான்னு தெரியாமலே."

டாக்டர் தொங்கவிட்ட பாட்டிலை நிமிர்ந்து பார்த்தாள். 

கோச்சோ அண்ணன் பக்கத்தில் மண்டியிட்டான். முகத்தின் ஒரு பாதி இறங்கியிருந்தது. இன்னொரு பாதி அவனையே பார்த்தது.

"அண்ணே. நீதான் கிழிச்சியா?"

மிலேன் கண்ணை மூடினார். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் ஓடியது.

"உனக்கு வந்த பிறகு மட்டும் வேண்டாமா? வேற யாருக்காவது வேண்டாம்னு சொல்லியிருக்கலாமேண்ணே..."

"விடுடா" என்றாள் அண்ணி. பேனாவையும் தாளையும் டாக்டரிடம் நீட்டினாள். பிறகு அந்த இடது கையைத் தொட்டாள். நேற்றிலிருந்து மூடியே இருந்த கை. ஒவ்வொரு விரலாகத் திறந்தது. உள்ளங்கையில் நகம் பதிந்த தடங்கள் சிவந்து கிடந்தன. அண்ணி தன் கையை அதற்குள் வைத்தாள். அது இறுகப் பிடித்துக்கொண்டது.

ராலித்சா தன் போனை எடுத்து டாக்டரிடம் நீட்டினாள். "கம்பெனிக்கு நீங்களே சொல்றீங்களா? நான் சொன்னா நடையா நடக்க வேண்டியிருக்கும் உங்களுக்கு. நீங்க சொன்னா ஒரு தடவையோட போயிடும்."

டாக்டர் அதை உடனே வாங்கவில்லை. அடுத்த கட்டிலுக்குப் போனாள். அங்கே ஒருவருக்குக் காலையிலிருந்தே அந்த மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. அவள் குழாயின் திருகைத் திருகி மூடினாள். சொட்டு நின்றது.

கட்டிலோரம் உட்கார்ந்திருந்த அவர் மனைவி தோன்கா பதறி எழுந்தாள். "ஏன் நிறுத்துறீங்க? நான் கையெழுத்துப் போட்டிருக்கேனே!"

"அக்கா, பன்தெலேய் மாமா..." என்று ஆரம்பித்தான் கோச்சோ.

"தெரியும்டா. அவரு சாவுக்குக் கோதுமை வேகவச்சதே நான்தான்."

"தெரிஞ்சுமா போட்டீங்க?"

"போடலேன்னா இந்தக் கட்டில் யாரு குடுப்பா? ராத்திரி பகலா ஒரு டாக்டர் யாரு நிப்பா?" தோன்காவின் குரல் ஏறியது. "நீ வந்தே, உங்க அண்ணனைக் காப்பாத்திக்கிட்டே. ரொம்பச் சந்தோஷம். சோஃபியாவுக்குப் போயிடுவே. நாங்க?"

டாக்டர் சரேவா ராலித்சாவின் போனை வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். கம்பெனிக்காரர்களிடம் பேச ஆரம்பித்தாள். பன்தெலேயின் பெயரைச் சொன்னாள். கேட்கவில்லை போலிருக்கிறது. மறுபடி சொன்னாள். பிறகு, "இறந்துட்டார்" என்றாள். அவரைப் பற்றி அந்த வார்த்தையை அவள் நேராகச் சொன்னது அதுதான் முதல் தடவை.

தோன்கா அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு குனிந்து அலமாரியைத் திறந்தாள். துண்டு, ஸ்பூன், செருப்பு, சவர சோப்பு. ஒவ்வொன்றாகப் பைக்குள் போட்டாள். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை.

"இப்பவே ஏன்கா?" என்றான் கோச்சோ.

"பின்னால அலையுறதை விட இப்பவே எடுத்து வச்சுக்கலாம்." பையின் ஜிப்பை இழுத்தாள். அவன் முகத்தைப் பார்க்காமல், கோபமெல்லாம் வடிந்த குரலில் கேட்டாள்.

"கணவாய்க்கு அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரியில உனக்கு யாரையாவது தெரியுமா தம்பி?"

கோச்சோவுக்கு யாரையும் தெரியாது.